முதுகைக் காட்டி ஒப்பித்த பிள்ளைகள்

எனக்குப் பொறுமை கிடையாது. பாடம் சொல்லிக்கொடுக்கப் பிறந்தவள் இல்லை நான். அப்பா கடலூரில் ரயில்வேயில் வேலை பார்த்தார். அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்திய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் என்னைப் படிக்க வைத்தார். அவர் செத்த பிறகு நானும் அம்மாவும் புதுச்சேரி உப்பளம் பகுதியில் மாமா வீட்டுப் பின்கட்டுக்கு வந்து சேர்ந்தோம். அங்கே அப்போது பிரெஞ்சு ஆட்சி, பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத்தான் உத்தியோகம். எனக்குத் தெரிந்தது இங்கிலீஷ். அந்த ஊரில் அது எதற்கும் உதவாத சரக்கு.

அந்தச் சரக்கைத் தேடி வந்தவர் ஒரே ஒருவர்தான், சீனாக்காரப் பல் வைத்தியர்.

சைகோனிலிருந்து வந்து பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் கடை போட்டிருந்தார். வாசலில் ஒரு பலகை, அதில் ஈறு சிவக்கச் சிரிக்கும் ஒரு வாய். ஊரில் எல்லாருக்கும் அவர் ‘பல் முசே’, அதாவது பல் ஐயா. கல்யாணமாகாத என்னை அவர் பிரெஞ்சு வழக்கப்படி ‘மத்மசேல்’ என்பார். சைகோனில் பால் கறந்தும் காவல் காத்தும் பிழைத்த நம் ஊர்க்காரர்களிடம் தமிழ் பழகியவர். அதனால் அவர் தமிழில் கெட்ட வார்த்தைகளும் கலந்திருக்கும். அவை கெட்ட வார்த்தைகள் என்று அவருக்குத் தெரியாது.

“மத்மசேல், எனக்கு ரெண்டு பொண்ணுங்க. அம்மா இல்ல. கடலூர் இங்கிலீஷ் ஸ்கூல்ல சேக்கணும். சேந்துட்டா இங்க இருக்குதுங்க. இல்லன்னா சைகோனுக்குக் கப்பல்.”

“சைகோன்ல யாரு இருக்காங்க?”

“எங்க அண்ணன். பெரியவளுக்கு மாப்பிள்ளை பாத்து வச்சிட்டாரு. அரிசி மண்டிக்காரன். ரெண்டாம் தாரம்.”

பெரியவளுக்குப் பதின்மூன்று வயது. “நீங்க ஒத்துக்கிட்டீங்களா?” என்று கேட்டேன்.

“எனக்குப் புடிக்கல. ஆனா அண்ணன் சொல்லி நான் மாட்டேன்னு சொல்ல முடியாது. படிக்குதுன்னா மட்டும் அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. படிப்புன்னா எங்க ஊட்ல எல்லாருக்கும் பயம்.”

பாடம் சொல்லிக்கொடுக்க அந்த நிமிஷமே சரி என்றேன்.

பெரியவள் ஒல்லி, உதட்டை இறுக்கிக்கொண்டே இருப்பாள். சின்னவளுக்கு ஒன்பது வயது. அக்கா வாய் திறந்தால்தான் அவளும் திறப்பாள். தங்களுக்குள் சீனம் பேசிக்கொள்வார்கள். தெருவில் பொறுக்கிய தமிழ் நிறைய இருந்தது, பிரெஞ்சு கொஞ்சம். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

நான் படித்த பழைய ரீடரைக் கொண்டுபோனேன். பனி விழும் ஊரில் உட்கார்ந்துகொண்டு எவனோ எழுதிய புத்தகம். ஒவ்வொரு பாடத்துக்கும் கீழே கேள்விகள் இருக்கும். முதல் நாள் தொலைந்துபோன மாட்டைத் தேடும் ஒரு குடியானவனின் கதையைக் கொடுத்து, “படிச்சிட்டு வா, நாளைக்குக் கேள்வி கேப்பேன்” என்றேன்.

மறுநாள் முதல் கேள்வியைக் கேட்டேன். பெரியவள் எழுந்தாள். புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தாள். திரும்பி நின்று முதுகைக் காட்டிக்கொண்டு முழுப் பாடத்தையும் ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

“எனக்கு முதுகையா காட்டற? திரும்புடி!” என்று கத்தினேன். அவள் இன்னும் சத்தமாக ஒப்பித்தாள். நான் மேஜையைத் தட்டினேன். அவள் குரலை இன்னும் உயர்த்தினாள். சின்னவள் அழ ஆரம்பித்தாள்.

பல் முசே குறட்டோடு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால், முன்னறை நாற்காலியில், ஒரு மனிதர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

“அய்யோ மத்மசேல், அது மரியாதை! எங்க பள்ளிக்கூடத்துல புத்தகத்த வாத்தியார்கிட்டக் குடுத்துட்டுத் திரும்பி நின்னுதான் ஒப்பிக்கணும். மூஞ்சக் காட்டி நின்னா புத்தகத்தப் பாத்துச் சொல்றன்னு அடி விழும்.”

நான் கத்தக் கத்த, தான் சொல்வது கேட்கவில்லை என்று நினைத்துத்தான் அந்தப் பிள்ளை குரலை உயர்த்தியிருக்கிறாள்.

“சரி, திரும்பு. மாடு எங்க போச்சு?” என்று தமிழில் கேட்டேன்.

“எந்த மாடுக்கா?” என்றாள்.

ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தவளுக்கு அதில் மாடு இருப்பதே தெரியவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. மனப்பாடம் செய்தவனை மெச்சுவது நம் பள்ளிக்கூடங்களிலும் நடக்கிற கூத்துதான்.

ரீடரைத் தூக்கிப் பரணில் போடச் சொன்னேன். கடைக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு துணித் திரை இருந்தது. அதை விலக்கி இருவரையும் உட்கார வைத்தேன். யார் வந்தார்? எந்தப் பக்கம் வலி? ஏன் கத்துகிறார்? எல்லாம் இங்கிலீஷில். அப்பா பல் பிடுங்குகிறார், நேற்றுப் பிடுங்கினார், நாளைக்குப் பிடுங்குவார். மூன்று காலத்தையும் அப்படித்தான் படித்தார்கள். நடந்ததை நான் நாலு வரியில் எழுதிக் கொடுப்பேன். அதைப் படித்துப் பதில் எழுத வேண்டும். கண்ணால் பார்த்ததை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

மீன் விற்கும் அம்மா ஒருத்தி கன்னத்தைப் பிடித்தபடி திரையைப் பார்த்துக் கத்தினாள்: “இன்னா மத்மசேல், என் பல்ல வச்சு இஸ்கூல் நடத்தறியா? நல்லாக் கேட்டுக்கங்கடி பொண்ணுங்களா, நான் கத்தறது தமிழு!”

பெரியவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

கோயிலில் பூசை முடிந்து வரும்போது ஒரு அம்மாள் என்னை நிறுத்தினாள். “கல்யாணம் ஆவாத பொண்ணு தெனம் சீனாக்காரன் ஊட்டுக்குப் போறியாமே?”

“ஆமா. உங்களுக்குப் பல்லு ஏதாச்சும் ஆடுதா? சொல்லி வைக்கறேன்” என்றேன். அதற்கப்புறம் அவள் என்னிடம் பேசவில்லை. நல்லதாகப் போயிற்று.

நான் படித்த அதே கடலூர் பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கான தேர்வுக்கு இருவரையும் நானே பஸ்ஸில் கூட்டிப்போனேன். போகும்போதே, “முதுகைக் காட்டாத. மதர் மூஞ்சப் பாத்துப் பதில் சொல்லு” என்று சொல்லி வைத்தேன். மதர்தான் அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைவி. நான் படித்த காலத்து மதர் இல்லை, புதியவர். பெரியவளிடம் அவள் பார்த்தேயிராத ஒரு பாடத்தைக் கொடுத்தார். கடலுக்குப் போன புருஷனுக்காகக் காத்திருக்கும் பெண்ணைப் பற்றியது. பெரியவள் மெதுவாகப் படித்தாள். கேட்டதற்கெல்லாம் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னாள். கதையில் வரும் பெண் ஏன் விளக்கை அணைக்கவில்லை என்ற கேள்விக்குக்கூடச் சரியான பதில். மதர் சிரித்தார். பதிவேட்டைத் திறந்து, பேனாவை மையில் தோய்த்து, உள்ளதிலேயே சுலபமான கேள்வியைக் கேட்டார்.

“உன் அப்பா பெயர் என்ன?”

பெரியவள் தரையைப் பார்த்தாள். மதர் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தித் திரும்பக் கேட்டார். சத்தமில்லை. சின்னவளைக் கேட்டார். அவள் அக்காவைப் பார்த்துவிட்டு வாயை இறுக்கிக்கொண்டாள்.

மதர் பேனாவைக் கீழே வைத்தார். “எல்லாவற்றையும் நெட்டுருப் போட்டு வந்திருக்கிறாள். இந்தச் சின்னக் கேள்விகூடப் புரியவில்லை. அடுத்த வருஷம் கூட்டி வாருங்கள்” என்றார்.

அவளுக்கு ஏது அடுத்த வருஷம்? கப்பல் அடுத்த மாசம்.

“வாயத் திறடி!” என்று கத்தினேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மேஜையைத் தட்டிய அன்று திரும்பியபோது இருந்த அதே முகம். மரியாதை செய்து திட்டு வாங்கிய பிள்ளையின் முகம், பதில் தெரியாத பிள்ளையின் முகம் இல்லை அது.

“தெரியலையா, சொல்லக் கூடாதா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“கூடாதுக்கா. அப்பா பேரப் பிள்ளைங்க வாயால சொல்லக் கூடாது. அது திட்டற மாதிரி.”

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். மதர் நம்பவில்லை. பிள்ளையைக் காப்பாற்ற நான் கதை கட்டுகிறேன் என்று அவர் முகமே சொன்னது. அந்த நேரம் பார்த்து, பள்ளிக்கூடத்தில் வேலை செய்யும் ஒரு அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். கழுத்தில் தாலி.

“ஏம்மா, உங்க ஊட்டுக்காரர் பேரு இன்னா?” என்று கேட்டேன்.

“ஐய, போங்கம்மா!” முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“மதர் கேக்கறாங்க. சொல்லணும்.”

“யாரு கேட்டா இன்னா? எம் மவனுக்கு நயினா. அதான் பேரு.” தண்ணீரை வைத்துவிட்டு ஓடியே போனாள்.

“அவளுக்குப் புருஷன் பெயர் தெரியாதா மதர்?” என்று கேட்டேன். “புரியாதது இந்தப் பிள்ளைக்கு இல்லை, உங்களுக்குத்தான்.” அவ்வளவு தூரம் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டேன்.

மதர் சிவந்துபோனார். “சரி, அப்பா பெயரை நீங்கள் சொல்லுங்கள்” என்று பேனாவை எடுத்தார்.

வாயைத் திறந்தேன். அத்தனை மாசமாக அந்த வீட்டுக்குப் போய் வருகிறேன். பல் முசே என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. “எனக்கும் தெரியாது” என்றேன்.

முதலில் சிரித்தது சின்னவள். மதருக்கும் அடக்க முடியவில்லை. “உன் அப்பா என்ன செய்கிறார்? அதையாவது சொல்லலாமா?” என்று பெரியவளைக் கேட்டார்.

“பல் பிடுங்குகிறார். வலிக்காது என்று எல்லாரிடமும் சொல்கிறார். வலிக்கும்” என்றாள், நல்ல இங்கிலீஷில்.

திங்கட்கிழமை அப்பாவையே வரச் சொன்னார் மதர். பல் முசே கடையை மூடிவிட்டு, கோட்டு மாட்டிக்கொண்டு வந்து, மேஜைக்கு முன் விறைப்பாக நின்று தன் பெயரைச் சொன்னார். மதருக்கு அது பிடிபடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் சொல்லும்போதெல்லாம் பெண்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இருவருக்கும் இடம் கிடைத்தது.

திரும்பி வரும் பஸ்ஸில், “அண்ணனுக்கு இன்னா எழுதறது மத்மசேல்?” என்று கேட்டார்.

“படிக்குதுன்னு எழுதுங்க. வேற ஒண்ணும் எழுதாதீங்க.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். தூசி என்றார். வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கும் சில சமயம் தெரியும்.

அன்று கேட்ட அந்தப் பெயர் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இங்கே எழுத மாட்டேன். அவருடைய பெண்கள் படிக்க நேர்ந்தால் தலை குனிய வேண்டியிருக்கும்.