‘பிறகு’ என்று அழுத்தினேன்
ஜவ்வாது மலையில் ஒரு சிறிய இலவச ஆஸ்பத்திரி. நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. விவரங்கள் கீழே, நகரத்து சர்வரில் இருக்கும். அதைத் திறக்க என் லேப்டாப்பில் ஒரு சாஃப்ட்வேர். எதிரில் இருப்பது நம் சர்வர்தானா என்று பார்க்காமலேயே அது பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுகிறது, உடனே அப்டேட் செய்யுங்கள் என்று மெயில் வந்தது. மலையில் சிக்னல் நிற்காது. டவுன்லோடு மூன்று முறை பாதியில் அறுந்தது. நான்காம் முறை ‘பிறகு’ என்பதை அழுத்திவிட்டு வேலையைப் பார்த்தேன்.

அந்த வாரம் நெட் சுத்தமாக இல்லை. திருப்பத்தூருக்குப் போய் ஒரு கடையின் இலவச வைஃபையில் உட்கார்ந்து மிச்சப் பதிவுகளை முடித்தேன். அங்கேதான் யாரோ நம் சர்வர்போல நடித்துப் பாஸ்வேர்டைப் பிடித்திருக்கிறார்கள் என்று எங்கள் இன்ஜினியர் பின்னால் சொன்னார். அதற்குள் நோயாளிகளின் பட்டியல் கைமாறி, மருந்துப் பொடி விற்பவர்கள் அவர்களுக்குப் போன் செய்ய ஆரம்பித்திருந்தார்கள்.

காசநோய்க்கு மாத்திரை வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் வருவதை நிறுத்திவிட்டாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நோயைப் புகுந்த வீட்டில் மறைத்திருந்தாள். அவள் குளிக்கப் போயிருந்தபோது போனை மாமியார் எடுத்திருக்கிறார். “உங்க வூட்டு டி.பி. பேஷண்டுக்கு நல்ல பொடி இருக்குதுங்க” என்றிருக்கிறான் ஒருவன். அன்றைக்கே தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மாத்திரையோடு காவலூர்ப் பக்கம் அவளைத் தேடிப் போனேன். வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

“நான் யார்கிட்டயும் சொல்லலியேக்கா. அவனுக்கு எப்டித் தெரிஞ்சுது?”

“என்னாலதாம்மா.” மெயில் வந்ததையும் கடையில் உட்கார்ந்ததையும் சொன்னேன்.

முறத்தைக் கீழே வைத்தாள். “அப்ப என் பேர எடுத்துடுங்க.”

“எங்ககிட்ட இருக்கறத எடுத்துடலாம். அவங்க எடுத்துனு போனத இன்னா பண்றதுன்னு எனக்கே தெர்லம்மா.”

அவள் முறத்திலிருந்த கல்லைப் பொறுக்கத் தொடங்கினாள்.

“இன்னும் ரெண்டு மாசம் மாத்திரை இருக்குது. வுட்டுடாத.”

“அங்க வரமாட்டேன்க்கா. வந்தா மறுபடியும் எழுதுவீங்க.”

எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் அம்மா வந்து, என் முகத்தைப் பார்க்காமல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாதமும் நானே கொண்டுபோனேன். நோய் குணமானது. கணவன் வந்து அழைத்துப் போகவில்லை. இன்றும் சந்தையில் என்னைக் கண்டால் அவள் வேறு பக்கம் திரும்பி நடக்கிறாள்.