மாற்றுக்கு இன்னொன்று

என் அத்தை எதைப் பின்னினாலும் ஜோடியாகத்தான் பின்னுவாள். சலவைக் கடையில் அழுக்குத் துணிகளுக்கு அடையாளச் சீட்டு குத்துவது அவள் வேலை. மதியம் சாப்பிட்டுக் கை கழுவினால் மிச்ச நேரம் கம்பளி நூலுக்கும் ஊசிகளுக்கும். பின்னியதெல்லாம் மாமா காலுக்குப் போகும். மாமா பெயிண்டர். நாளெல்லாம் ஏணியில் நிற்கிற பாதத்தை ஏணிப்படி உறுத்தக்கூடாது என்று வருடம் முழுக்கக் காலுறைதான்.

"நல்லவேளை மாமா, உங்களுக்கு ரெண்டு கால். அத்தை பூரானைக் கட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்" என்று ஒருமுறை சொன்னேன். மாமா பிரஷ்ஷால் என் மூக்கில் பச்சை வைத்தார்.

அந்த இரண்டில் ஒன்று போன வருடம் போய்விட்டது. சர்க்கரைக்காரர். ஆணி குத்தியது அவருக்கே தெரியவில்லை. துவைக்கப் போட்ட காலுறையில் ரத்தத்தைப் பார்த்து அத்தைதான் கண்டுபிடித்தாள். அதற்குள் புண் உள்ளே ஓடியிருந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மாமா வீட்டுக்கு வந்ததும் அத்தை மறுபடி காலுறை பின்ன உட்கார்ந்தாள். ஒன்று முடிந்தது. கை தன் பாட்டுக்கு இன்னொன்றுக்குக் கண்ணி போட ஆரம்பித்தது. மாமா பார்த்துவிட்டார்.

"இது யாருக்கு?"

அத்தை நிமிரவில்லை. "மாத்துக்கு. ஒன்னைத் துவைச்சுப் போட்டா இன்னொன்னு வேணாமா?"

"அதுவும் சரிதான். இனிமே நமக்கு லாபம். ஒரு ஜோடி ரெண்டு மடங்கு நாள் வரும்."

அதற்கப்புறம் எல்லாம் குட்டிக் குட்டி வேலைகள். வாக்கர் தரையைக் கீறாமல் இருக்க அதன் நாலு காலுக்கும் உறை. கைப்பிடிக்கு மெத்தென்று ஒரு சுற்று. ரிமோட்டுக்குப் பை. மாத்திரை டப்பாவுக்குச் சட்டை. அசையாமல் உட்கார்ந்தால் என் மேலும் பின்னிவிடுவாள் என்று நான் நடந்துகொண்டே இருந்தேன்.

ஆனால் அவள் பின்ன நினைத்தது வேறு. வெட்டின இடம் குளிரில் குடைகிறது என்று மாமா பல்லைக் கடிப்பார். அதற்கு ஒரு உறை. அளவு வேண்டுமே? மாமா காட்டவில்லை. கட்டு மாற்ற நர்ஸ் வந்தால் கதவைச் சாத்திக்கொள்வார். மற்ற நேரம் மேலே துண்டு. நான் பார்க்காவிட்டால் போகிறது, அத்தைக்கே காட்டவில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவள், முதல் தடவையாகக் குத்துமதிப்பாகப் பின்னினாள். தண்ணீர் ஜக்கை வைத்துப் பின்னியது இறுக்கியது. பால் பாத்திரத்தை வைத்துப் பின்னியதை மாமா அறைக்குள் எடுத்துக்கொண்டு போனார். வெளியே வரும்போது அது அவர் தலையில் இருந்தது.

"பாருடா வாலு. உங்க அத்தை எனக்கே குல்லா போட்டுட்டா."

நான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை.

"கல்யாணமான புதுசுல உங்க பாதத்தை என் சாண்ல அளந்தேன். அப்புறம் அளக்கவே தேவைப்படல. இப்ப பால் பாத்திரத்தை அளந்துக்கிட்டு இருக்கேன். நர்ஸுக்குக் காட்டுறீங்க. நான் என்னங்க, வேத்து ஆளா?"

மாமா தலையில் இருந்ததைக் கழற்றி மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"பாத்தா உனக்குத் தூக்கம் வராது."

"இப்ப மட்டும் வருதாக்கும்."

மாமா கட்டிலில் உட்கார்ந்தார். "வாலு, வாசல்ல போய் நில்லு."

நின்றேன். கதவு திறந்துதான் இருந்தது. சாதாரணமாக எட்டிப் பார்க்கிற ஜாதி நான். அன்றைக்குப் பார்க்கவில்லை. அத்தை சாண் வைத்து எண்ணுவது காதில் விழுந்தது. "ஒன்னு" என்றாள். அதற்குமேல் எண்ணக் கால் இல்லை.

அந்த உறை கச்சிதமாக உட்கார்ந்தது. துண்டு கொடிக்குப் போய்விட்டது. மாமா விசிலடித்துக்கூடப் பார்த்தார்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் வலது காலின் சுண்டுவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுத்திருந்தது. "பொறுத்துப் பார்ப்போம்" என்றார். அந்த முகம் எனக்குப் பழக்கம். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், என் பரீட்சைப் பேப்பரைத் தரும்போது வாத்தியார் அதைத்தான் வைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை ஊசியை எடுத்தாள். அதே சாம்பல் நூல், அதே அளவில் இன்னொரு உறை. சில வரிசைகள் ஏறியதும் மாமா கேட்டார்.

"இது யாருக்கு?"

"மாத்துக்கு" என்றாள் அத்தை. சொன்ன பிறகுதான் அவள் கை நின்றது.

மாமா தன் வலது காலைப் பார்த்தார். அத்தை ஊசியை உருவி நூலை இழுத்தாள். வரிசை வரிசையாகக் கழன்று அவள் மடியில் சுருண்டது. மாமா கையை நீட்டி நூலின் நுனியை வாங்கி உருண்டையாகச் சுற்ற ஆரம்பித்தார்.

"காலுறையே பின்னு" என்றார், உருண்டையை அவளிடம் கொடுத்து. "ரெண்டு பின்னு. துவைச்சு மாத்திக்கிறேன்."

பின்னிக்கொண்டிருக்கிறாள். முதலாவது குதிகாலைத் தாண்டிவிட்டது. தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் மாமா பாதத்தில் சாண் வைத்து அளக்கிறாள். வளர்ந்த மனுஷனுக்குப் பாதம் வளராது என்பது எனக்கே தெரியும். அவள் பார்ப்பது சுண்டுவிரலை. அது மாமாவுக்கும் தெரியும். தெரியாதவர் மாதிரி காலை நீட்டிக் கொடுக்கிறார்.