கடை வாசல் ஜோக்கரும் கத்தி எடுத்த ஜோக்கர்களும்

ராசிபுரத்தில் என் துணிக்கடை வாசலில் பத்து வருடமாக ஜோக்கர் வேஷம் கட்டி நிற்பவர் பழனியண்ணன்.

இன்று ஒரு குழந்தை அவரைக் கண்டதும் வீறிட்டது.

"ஏனுங்ணா, இவ போன்ல பாக்குற பேய்ப்படத்துல எல்லாம் ஜோக்கர்தான் கத்தியோட வாரான்" என்ற அம்மா, கடைக்குள் வராமலே போய்விட்டார். இந்த வாரத்தில் நாலாவது குடும்பம்.

பழனியண்ணன் ஓடி வந்தார். "மூக்க வேணா கழட்டிர்றனுங்க மொதலாளி. நிறுத்திப் போடாதீங்க, எனக்கு வேற வேல தெரியாதுங்க."

தீபாவளிக் கூட்டம் வரப்போகிறது. நாளைக்கு அவரிடம் என்ன சொல்வேன்?

சின்ன பட்ஜெட்டில் பேய்ப்படம் எடுக்கும் தம்பிகளே, ஜோக்கரை விட்டுவிடுங்கள். அடுத்த கொலைகாரனாகத் துணிக்கடை முதலாளியைப் போடுங்கள். என்னைப் பார்த்து எந்தக் குழந்தையும் இதுவரை சிரித்ததில்லை.