எங்கே என்று கேட்காத வீடு

எண்பத்தெட்டாம் ஆண்டு நான் காட்டு வழிகாட்டியாவதற்குப் பயிற்சி எடுக்கப் போகிறேன் என்றதும், எங்கள் மோர்னிங்சைட் அப்பார்ட்மென்டில் சிரிக்காத தமிழ்ச் சனம் இல்லை. "காடு வழிய ஓடித் தப்பி வந்த சனம் நாங்கள். இவ காட்டுக்குள்ளை போறதுக்குப் படிக்கப் போறாவாம்" என்று லிஃப்டுக்குள்ளேயே ஒரு அன்ரி சொன்னா. நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். "ஓம் அன்ரி, முதல் உங்களைத்தான் கூட்டிக்கொண்டு போகப் போறன். கரடிக்கும் ஒரு பேச்சுத்துணை வேணுமெல்லோ" என்றேன். அதற்குப் பிறகு அவ கன நாள் என்னோடு கதைக்கவில்லை. அதுவும் நல்லதாய்ப் போயிற்று.

எண்பத்துநாலில் ரொறொன்ரோவுக்கு வந்ததிலிருந்து ஜன்னல் இல்லாத ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்டிக் மூடிகளைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தேன். வெளியில் பனி கொட்டுகிறதா, வெயில் எறிக்கிறதா, ஒன்றும் தெரியாது. ஒருநாள் நூலகத்தில் ஒரு அறிவித்தலைக் கண்டேன். பள்ளிப் பிள்ளைகளையும் பார்க்க வருகிறவர்களையும் காட்டுக்குள் கூட்டிச் செல்ல ஆட்கள் தேவை, பயிற்சி சனிக்கிழமைகளில் என்றிருந்தது. வீட்டில் வந்து சொன்னேன். "உமக்கென்ன விசரே?" என்று கேட்டார் என் கணவர். அடுத்த கிழமை தானே கடைக்குப் போய், தண்ணீர் ஊறாத சப்பாத்து ஒரு சோடி வாங்கிக்கொண்டு வந்து கதவடியில் வைத்தார். எங்கள் வீட்டில் சம்மதம் என்பது அப்படித்தான் வரும்.

பயிற்சி ரொறொன்ரோவுக்கு வெளியே, ஸ்ரௌவ்வில் ஊருக்கு வடக்கே இருந்த காட்டில் நடந்தது. எங்களைப் பழக்கிய பயிற்சிக்காரி என் வயதுக்காரி, நெடுநெடுவென்று வளர்ந்த வெள்ளைக்காரி. பாவம், என்னோடு நன்றாகத்தான் கஷ்டப்பட்டாள். திசைகாட்டி ஒன்று சொல்லும், என் மனம் வேறொன்று சொல்லும், நான் மனத்தின் பக்கம் நிற்பேன். முதல் மாதத்தில் என் பின்னால் வந்தவர்களையெல்லாம் ஒரே சதுப்புக்குள் இரண்டு தரம் இறக்கினேன். கூடாரம் அடித்துத் தங்கிய அன்றைக்கு மட்டும் எனக்குப் பெரிய பாராட்டுக் கிடைத்தது. படுக்க முதல் நான் திசைகாட்டியை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, படுக்கையை இழுத்துச் சரி பண்ணினேன். "பாருங்கள், இவள் படுக்கும்போதும் பழகுகிறாள்" என்று எல்லோருக்கும் காட்டினாள். வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்பதை நான் அவளுக்கு விளக்கப் போகவில்லை.

வழிகாட்டி என்றால் முன்னால் விறுவிறென்று நடக்கிறவர் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லையாம். ஆகப் பிந்தி நடக்கிறவரின் காலுக்குத்தான் வழிகாட்டி நடக்க வேண்டுமாம். தொட்டால் தோல் கொப்பளிக்கிற மூன்றிலைச் செடியைத் தொடாதே, சோர்ந்தவரிடம் நல்லாயிருக்கிறீரா என்று கேட்காதே, ஏதாவது தின்னக் கொடு. வழி தவறினால் நடக்காதே, இருந்த இடத்தில் இரு. இவற்றுக்கெல்லாம் மேலான விதி ஒன்று உண்டு. காட்டுக்குள் போக முதல் எங்கே போகிறேன், எந்த வழியால், எப்போது திரும்புவேன் என்று ஒரு ஆளிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கடைசிச் சோதனையும் அதில்தான் நின்றது. ஒவ்வொருவரும் தன் வழியைத் தானே தெரிந்தெடுத்து ஒரு பகல் தனியே நடக்க வேண்டும். அந்த வழியைப் பயிற்சிக்காரிக்குச் சொல்லக் கூடாது, வீட்டில் ஒருவருக்குத்தான் சொல்ல வேண்டும். குறித்த நேரத்துக்கு வராவிட்டால் அவள் அந்த ஆளிடம் கேட்டுத் தேடி வருவாள்.

எங்கள் வீட்டிலோ புறப்படுகிற ஆளைப் பார்த்து எங்கே என்று கேட்கவே மாட்டோம். கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். இதில் நான் யாரிடம் சொல்வது? இவருக்கு வாரம் முழுக்க வேலை, சனி ஞாயிறு ஓவர்டைம். பகல் முழுக்க வீட்டில் இருப்பவ மாமி மட்டும்தான், இவருடைய அம்மா. அதற்கு முந்தின வருடம்தான் யாழ்ப்பாணத்திலிருந்து எடுப்பித்திருந்தோம். மாமிக்கும் டெலிபோனுக்கும் ஏழாம் பொருத்தம். மணி அடித்தால் எடுத்து, "நோ. நோ ஹவுஸ். நோ பீப்பிள்" என்று சொல்லி வைத்துவிடுவா. இவருடைய ஃபோர்மன் கூப்பிட்டாலும் அதுதான், பல் டொக்டர் கூப்பிட்டாலும் அதுதான். ஒருமுறை நானே வேலையிலிருந்து கூப்பிட்டு, "மாமி, இது நான்" என்றேன். "அவ இஞ்சை இல்லை" என்று வைத்துவிட்டா!

அதனால் கீழ்வீட்டு அன்ரி ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போகலாமென்று ஒருநாள் இவரிடம் கதைத்துக்கொண்டிருந்தேன். மாமி குசினிக்குள் இருந்து வந்தா.

"ஏன், வீட்டிலை நான் ஒரு ஆள் இருக்கிறது தெரியேல்லையோ?"

"நீங்கள் சொல்லமாட்டியள் மாமி. டெலிபோனிலை ஆரும் கேட்டா, வீடே இல்லையெண்டுறியள்."

"சொல்லிப் பாத்தனான், பிள்ளை" என்றா மாமி.

இவர் எழும்பி பல்கனிக்குப் போய்விட்டார். தன் தம்பியை யாழ்ப்பாணத்தில் ஆமிக்காரர் பிடித்தார்கள் என்று மட்டும்தான் இவர் எனக்குச் சொல்லியிருந்தார். மிச்சத்தை அன்றைக்கு மாமி சொன்னா, வெங்காயம் உரித்த கையோடு நின்றபடி.

"படலையடியிலை வந்து மரியாதையாத்தான் கேட்டவங்கள், சின்னவன் எங்கையெண்டு. அவன் ஒரு குற்றமும் செய்யேல்லை. நான் என்னத்துக்குப் பொய் சொல்லுவான்? ரியூசனுக்குப் போட்டான், சந்தைக்குப் பக்கத்திலை எண்டன். இடமும் சொன்னன், ஒழுங்கையும் சொன்னன். தேங்க்ஸ் எண்டு சொல்லிப்போட்டுப் போனவங்கள்."

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையை யாரும் காணவில்லை. முகாம் முகாமாக ஏறி இறங்கியும் ஒரு சொல் கிடைக்கவில்லை. டெலிபோனுக்காக எத்தனை நாள் நான் சிடுசிடுத்திருப்பேன்!

"வேண்டாம் மாமி, நான் கீழை சொல்லுறன்" என்றேன்.

"இல்லை. என்னட்டையே சொல்லு. ஊராரிட்டை ஏன் சொல்லுவான்? கேட்டா நான் சொல்லுவன்."

சோதனைக்கு முந்தின ஞாயிறு, நான் நடக்கப் போகிற காட்டுக்கு மாமியைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். இடத்தின் பெயர்கள் மாமியின் வாயில் நுழையாது, ஆனால் ஒரு தரம் பார்த்த இடத்தை மறக்கமாட்டா. றோட்டோரத்தில் இருந்த ஒரு சிவப்புக் கொட்டில் தாண்டி இரண்டாவது கேற்றைக் காட்டினேன். உள்ளே ஒரு குளம், குளத்துக்கு இடப்பக்கத்தால் போகிற பாதை, அது இறங்குகிற ஓடை. எல்லாவற்றையும் பார்த்தா. "தனியவோ போறாய்?" என்று மட்டும் கேட்டா.

சோதனையன்று விடியவே புறப்பட்டேன். "போட்டு வாறன் மாமி." "ஓம், போட்டு வா." விபூதி பூசிவிட்டா. வேறொன்றும் கேட்கவில்லை.

காலை முழுக்க எனக்குச் சந்தோசத்தில் புழுகமோ புழுகம். திசைகாட்டி சொன்னபடி கேட்டேன், எதையும் தொடவில்லை, நேரத்துக்குத் தின்றேன். பின்னேரம் திரும்பி வரும்போது ஓடைக்கரையில் ஈர வேரொன்றில் கால் சறுக்கியது. கணுக்காலுக்குள் டக்கென்று ஒரு சத்தம். எழும்பப் பார்த்தேன், ஐயோ, உயிர் போய் வந்தது. சப்பாத்தைக் கழற்றவும் பயமாக இருந்தது.

நடக்காதே, இருந்த இடத்தில் இரு. இருந்தேன். பழக்கியபடி மும்மூன்று தரமாக விசில் ஊதினேன். நுளம்பு கடித்துக் கடித்து என்னை விருந்தாகத் தின்றது. திரும்ப வேண்டிய நேரம் கடந்தது. இந்நேரம் பயிற்சிக்காரி எங்கள் வீட்டுக்கு டெலிபோன் அடித்திருப்பாள், மாமி எடுத்திருப்பா, நோ ஹவுஸ் என்றிருப்பா. எனக்கு அது கண்ணால் பார்ப்பதுபோல் தெரிந்தது. கோபம் வரவில்லை. நானா கோபப்படாமல் இருந்தேன் என்று எனக்கே ஆச்சரியம். மாமி அந்த இடத்தில் வேறென்ன செய்வா, பாவம்? ஆனால் பயம் வந்தது. வெயில் மரங்களின் தலைக்கு ஏற ஏற, வாய்விட்டு அழுதேன்.

வீட்டில் நடந்ததை இவர் பிறகு சொன்னார். பயிற்சிக்காரி இரண்டு தரம் அடித்தாளாம், இரண்டு தரமும் நோ ஹவுஸ்தான். மூன்றாம் தரம் மாமி எடுக்கவேயில்லை. அவள் பொலிசுக்கும் இவருடைய வேலையிடத்துக்கும் சொல்லியிருக்கிறாள். இவர் அடித்துப் பிடித்து வீட்டுக்கு வந்தால், கதவு திறந்திருக்கிறது. வாசலில் ஒரு பொலிஸ்காரர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி நிற்கிறார். மாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருக்கிறா.

"அம்மா, அவ எந்தப் பக்கம் போனவ? சொல்லணை."

"எனக்குத் தெரியாது."

"அம்மா, இது ஆமி இல்லையணை. தேடித்தான் போகப் போகினம். இருட்ட முதல் போக வேணும்."

"எனக்குத் தெரியாது எண்டுறன்."

இவர் பக்கத்தில் இருந்து மாமியின் காலைப் பிடித்து அழுதாராம். என் கணவர் அழுது நான் ஒருநாளும் கண்டதில்லை. பிறகு மாமி எழும்பி, இவருடைய பனிக்கால ஜக்கெற்றைச் சேலைக்கு மேலே போட்டு, சப்பாத்துக்குள் காலை நுழைத்தாவாம்.

"சொல்லமாட்டன். காட்டுறன். நானும் அவங்கடை காரிலை ஏறுவன்."

பொலிஸ்காரர் வேண்டாமென்று சொல்லிப் பார்த்தாராம். மாமி அவருக்கு முந்திப் போய்க் காரடியில் நின்றுவிட்டா. வழி முழுக்க வாய் திறக்கவில்லை, கையால்தான் காட்டினாவாம். சிவப்புக் கொட்டில் வந்ததும் கண்ணாடியில் தட்டினா. பொலிஸ்காரர் வயர்லெஸில் சொல்லிவிட, இரண்டாவது கேற்றில் பயிற்சிக்காரியும் வந்து சேர்ந்தாள். நீங்கள் காரில் இருங்கோ, நாங்கள் போய்ப் பார்க்கிறோம் என்று எல்லோரும் சொன்னார்களாம். யார் கேட்டது?

எனக்கு முதலில் கேட்டது மாமியின் குரல்தான். "பிள்ளை! எடி பிள்ளை!" மூச்சு இருந்த மட்டும் விசிலை ஊதினேன். மரங்களுக்குள்ளால் இவர் ஓடி வந்தார், பின்னால் பயிற்சிக்காரி. அவள் என் பக்கத்தில் முழங்காலில் இருந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். சோதனையில் நான் பெயில் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த வருடம் பாஸாகி அந்த வேலையையும் செய்தேன். அன்றைக்கு அதைப் பற்றி யாருக்கு நினைப்பு?

கடைசியாக வந்தவர்கள் பொலிஸ்காரரும் மாமியும். மாமியின் சேலை முழங்கால் மட்டும் சேறு. அவருடைய சட்டைக் கையைக் கொத்தாகப் பிடித்திருந்தா. நான் வழுக்கலுக்குப் பிடித்திருக்கிறா என்றுதான் நினைத்தேன்.

"ஏன் மாமி இந்தச் சேத்துக்குள்ளாலை வந்தனீங்கள்? இவையிட்டை இடத்தைச் சொல்லிவிட்டிருக்கலாமே."

மாமி என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தா.

"அண்டைக்குச் சொல்லிப்போட்டு வீட்டிலை நிண்டனான், பிள்ளை. அவங்களோடை நானும் ஏறிப் போயிருந்தா, என்ரை பிள்ளையை எங்கை கொண்டுபோனவங்கள் எண்டாவது தெரிஞ்சிருக்கும்."

அம்மா என்ன சொல்கிறா என்று பொலிஸ்காரர் கேட்டார். இவர் குனிந்து என் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்தார். இவரும் பயிற்சிக்காரியும் என்னைத் தூக்கிவர, குளத்தடி, கேற்றடி எல்லாம் தாண்டிக் கார் வரைக்கும் வந்தோம். அதுவரைக்கும் மாமி அந்தச் சட்டைக் கையை விடவில்லை.