ஓர் அறை மண்

மணல் எப்போது சரியும் என்று பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. ஜொகூர் பாருவில் ஒரு பரிசோதனைக் கூடம். இரும்புப் பெட்டியில் மணலை நிரப்பி, மேலே பாரம் ஏற்றி, பெட்டியின் மேல்பாதியைப் பக்கவாட்டில் தள்ளுவேன். சின்ன வயதில் இதையே செய்து அடி வாங்கியிருக்கிறேன். இப்போது சம்பளம் தருகிறார்கள்.

சிகாமட் பக்கம் ஆற்றங்கரையில் இருந்த பழைய ரப்பர் தோட்டத்து இடுகாட்டை ஒவ்வொரு வெள்ளமும் கொஞ்சம் கடித்துக்கொண்டு போனது. கோயில் தலைவர் என்னைத் தேடி வந்தார். நான் சொன்ன மருந்து ஜியோசெல்: தேன்கூடு போல அறை அறையாக விரியும் பிளாஸ்டிக். சும்மா கிடந்தால் சரிகிற மணல், அந்த அறைகளுக்குள் அடைபட்டால் நழுவ மறுக்கும். சோதித்தேன், நினைத்ததைவிட நன்றாகவே தாங்கியது. என் கணக்குகள் சரியாக வருவது அபூர்வம், அதனால் கொஞ்சம் துள்ளினேன்.

வரைபடம் போட்டபோது அடங்கினேன். அறைகளை விரிக்கக் கரையைச் சாய்வாக வெட்ட வேண்டும். வெட்டுப்படும் ஓரம் குழந்தைகளின் வரிசை. அங்கேதான் எங்கள் மகளும் இருக்கிறாள். பேர் வைப்பதற்குள் போய்விட்டவள்.

இடத்தைப் பார்க்க மனைவியும் வந்தாள்.

"தோண்டி மேட்டுப் பக்கம் மாத்திடலாம்லா," என்றார் தலைவர்.

"இத்தன வருசத்துக்கு அப்புறம் எதத் தோண்டுவீங்கண்ணே? மண்ணுதான் இருக்கும்," என்றாள் மனைவி.

தலைவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நகர்ந்தார். அவள் என்னிடம் திரும்பினாள்.

"அந்த மண்ண என்ன செய்வீங்க?"

"லாரியில ஏத்திட்டுப் போயிடுவாங்க." சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

"அந்த அறைக்குள்ள போடக் கூடாதா?"

"களிமண்ணும்மா. மணல்தான் ஒண்ணோட ஒண்ணு உரசிப் பிடிச்சுக்கும். களி, தண்ணி பட்டா வழுக்கிடும்." அழுகிறவளிடம் உராய்வைப் பற்றிப் பாடம் நடத்தவா இத்தனை படித்தேன்.

"ஒரே ஒரு அறையில?"

களி கலந்த மணல் என்று லாரிகளைத் திருப்பி அனுப்புகிறவன் நான். தலையாட்டினேன்.

கரையை வெட்டிய அன்று அவள் ஒரு வாளி மண்ணை எடுத்து வைத்துக்கொண்டாள். வேலை மேல்வரிசைக்கு வந்ததும் கடைசி அறையைக் காட்டினேன். அந்த அறையின் வலுவை என் கணக்கில் சேர்க்கவில்லை. அது எதையும் தாங்க வேண்டியதில்லை. அவள் கொட்டி, உள்ளங்கையால் தட்டித் தட்டி நிரவினாள். ரோலர் ஓட்டுகிறவரை அந்த அறைக்கு முன்பே நிறுத்தச் சொன்னேன்.

"பாஸ், அந்த மூலை இன்னும் இறுகலயே?"

"இருக்கட்டும்லா," என்றேன்.