மூக்கி தட்டிப் பார்த்த அன்னாசி

என் சின்ன மருமகளைப் பழ மண்டியில் மூக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு ஒன்றும் பெரிதில்லை, சப்பை மூக்குதான். ஆனால் அன்னாசியைத் தலைகீழாகத் திருப்பிக் காம்பு அறுத்த இடத்தை ஒரு தடவை முகர்ந்தால் போதும். இது இன்றைக்கே போகவேண்டியது, இது மூன்று நாள் தாங்கும், இது புளித்துவிட்டது என்று பெட்டி பெட்டியாகப் பிரித்துவிடுவாள். பதினோரு வருடமாக அதுதான் வேலை. அவள் பிரித்த பெட்டி எந்த ஓட்டலிலிருந்தும் திரும்பி வந்ததில்லை.

அந்த மூக்கு ஒரு காய்ச்சலோடு போயிற்று. காய்ச்சல் விட்ட நாலாம் நாள், அடுப்பில் பால் அடிப்பிடித்துக் கருகுகிறது, பக்கத்திலேயே நின்று தலை வாரிக்கொண்டிருக்கிறாள். கூடத்திலிருந்து நான் கத்தின பிறகுதான் அணைத்தாள். பாத்திரத்துக்குள் முகத்தை விட்டு முகர்ந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை, எனக்கு ஒண்ணுமே தெரியல. உங்க பிள்ளைகிட்ட கூட சொல்லிடாதீங்க. மண்டிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்."

வாசனை திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். அதுவரை மண்டி காத்திருக்குமா?

பழையபடி பழத்தை மூக்கருகே கொண்டுபோவாள், சும்மா பாவனைக்கு. கையில் தூக்கிப் பார்த்து ஊகமாகத்தான் பிரிப்பாள். நிறத்தை நம்பவும் முடியாது. பறித்த பிறகு தோல் மஞ்சளாகும், இனிப்பு ஏறாது. சாயங்காலம் ஓட்டல்களுக்குப் போன வண்டி திரும்பும்போது, அதில் பெட்டி ஏதும் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள். வீட்டுக்கு வந்தாலும் சாப்பாடு இறங்காது.

மாடியில் ஒரு பெயிண்ட் வாளியில் அன்னாசிச் செடி இருந்தது. மண்டியில் திருகி எறிந்த கொண்டையை எடுத்துவந்து, அடியிலைகளை உரித்து, இரண்டு நாள் காயவைத்து நட்டது. இரண்டரை வருடம் முள்ளைத் தவிர ஒன்றும் தரவில்லை. அவளுக்கு மூக்கு போன சமயம் பார்த்து நடுவில் கைமுட்டி அளவுக்குக் காய் நின்றது. அதை வைத்துப் படிக்கத் தொடங்கினாள். தினமும் காலையில் நான் முகரவேண்டும். அவள் விரலால் சுண்டிக் கேட்பாள், தோலில் இருக்கும் கண்களைத் தடவிப் பார்ப்பாள். மண்டியில் கழித்த பழங்களைக் கொண்டுவந்தும் இதே பாடம். காய் மரப்பெட்டியைத் தட்டினாற்போல் கேட்கும். பழம் நம் தொடையைத் தட்டினாற்போல் கேட்கும்.

என் பங்குக்கு நான் நடு இலையை உருவிப் பார்ப்பேன். சுலபமாக வந்தால் பழம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பத்து நாளில் கொண்டை மொட்டையாகிவிட்டது.

"அத்தை, அது கோழி இல்ல. விட்டுடுங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசனை படியிறங்கி வந்தது. அறுத்துவிடு என்றேன். இன்னும் ரெண்டு நாள் போகட்டும் என்றாள். மூக்கு இருக்கிறவள் நான்தானே என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் திரும்பவும் சுண்டினாள்.

"மேல் பாதி இன்னும் பெட்டி மாதிரிதான் கேக்குது."

செவ்வாய்க்கிழமை அறுத்தாள். மேல் துண்டை எனக்கு நீட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தின்றால் வெறும் தித்திப்பு மட்டும்தான் தெரியும். நான் உடனே ஒத்துக்கொள்வேனா? சரியாகத் தெரியவில்லை, இன்னொன்று கொடு என்றேன். அப்படியே நாலு துண்டு. அவளுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாளே மண்டி முதலாளி அவள் விரலைக் கவனித்துவிட்டார். முகர்கிற ஆளுக்குச் சுண்டுகிற வேலை எதற்கு என்று கேட்டிருக்கிறார். பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"மூக்கு போயிடுச்சு முதலாளி. நாலு மாசமாச்சு."

"அப்ப நாலு மாசமா யாரு மோந்து பாத்தது?"

"வீட்டுல எங்க அத்தை. இங்க யாருமில்ல."

அவர் சிரிக்கவில்லையாம். ஆறு பழத்தை எடுத்து வரிசையாக வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு சுண்டி, ஒவ்வொன்றுக்கும் நாள் சொன்னாள். அறுத்துப் பார்த்தார்கள். ஐந்து சரி. ஒன்று உள்ளே பழுப்பு.

"ஒரு பெட்டி திரும்பி வரட்டும், அப்ப பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அது மிரட்டலா, மன்னிப்பா என்று எங்கள் இரண்டு பேருக்கும் இன்றுவரை விளங்கவில்லை. மூக்கி என்ற பேர் மட்டும் அப்படியே இருக்கிறது. மொட்டைக் கொண்டையை அதே வாளியில் நட்டிருக்கிறாள், நான் கைவைக்கக் கூடாதென்று உத்தரவு. சாயங்காலம் இப்போதும் வண்டி வரும்வரை நின்றுவிட்டுத்தான் வருகிறாள். வீட்டில் நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பெட்டி திரும்பாத நாளில் அவள் படியேறுகிற சத்தமே தனி. இதுவரை அந்தச் சத்தம்தான்.