ஜெசிந்தா அக்காவின் மெயில் பெட்டி

வெப்மெயில் வெறும் ஜன்னல்தான், கடிதங்கள் இருப்பது வேறு வீட்டில் என்று சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கம்ப்யூட்டர், மெயில் பார்த்துக்கொள்ளும் இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

காலிப் பெட்டி

திண்டுக்கல்லில் நான் பல வருடமாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு பள்ளிக்கூடம். மெயில்களெல்லாம் ஸ்டோர் ரூமில் இருந்த பழைய சர்வரில். அவற்றை பிரவுசரில் பார்க்க ஆபீஸில் ஒரு புது மெஷினை வைத்து, அதில் வெப்மெயில் போட்டேன். கிளார்க் ஜெசிந்தா அக்கா முதல் ஆளாகத் திறந்தார். ஒரு மெயில்கூட இல்லை! அக்காவின் முகம் வெளிறிவிட்டது. அவர் கணவர் அங்கேயே கணக்கு வாத்தியாராக இருந்தவர். இரண்டு வருடம் முன்பு இறந்துபோனார். ஸ்டாஃப் ரூமிலிருந்து அவர் தினமும் தட்டிவிட்ட ஒரு வரி மெயில்கள்தான் அந்தப் பெட்டி முழுக்க.

தப்பு என்னுடையது. வெப்மெயிலுக்குப் பழைய சர்வரின் முகவரியைக் கொடுக்க மறந்திருந்தேன். சோதனைக்காகப் புது மெஷினில் நான் போட்டிருந்த வெறும் பெட்டியை அது திறந்து காட்டியிருக்கிறது. திருத்தியதும் எல்லாம் வந்தது. அக்கா பெருமூச்சு விட்டார்: "ஏந்தம்பி, இம்புட்டு நேரம் அவரை எங்கிட்டு வச்சிருந்த?"

எடைக்குப் போனது

பத்து நாள் கழித்து அக்காவிடமிருந்து போன். வெப்மெயில் பக்கம் வருகிறது, உள்ளே விடமாட்டேன் என்கிறதாம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஸ்டோர் ரூம் பளிச்சென்று இருக்கிறது. சர்வர் இருந்த இடத்தில் துடைப்பம். பள்ளியை நிர்வகிக்கும் ஃபாதர் பெருமையாகச் சொன்னார்: "புதுசுதான் நல்லா ஓடுதேப்பா, பழசை காலையில எடைக்குப் போட்டுட்டேன்."

அக்காவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு பழைய இரும்புக் கடைக்குப் பறந்தேன். கடைக்காரர் அப்போதுதான் சர்வரின் மூடியைக் கழற்றியிருந்தார். வண்டி நிற்பதற்குள் அக்கா குதித்து இறங்கி, மெஷினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கடைக்காரர் பயந்துபோனார்: "எடுத்துட்டுப் போங்கக்கா, உள்ள தங்கமா வச்சிருக்கீக?"

பதில்

ஹார்ட் டிஸ்க் தப்பித்தது. மெஷினை மறுபடி மாட்டி, முதல் வேலையாக எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்தேன். இதை முன்பே செய்திருக்க வேண்டும், திட்டாதீர்கள். அக்கா கணவரின் கடைசி மெயிலைத் திறந்தார். 'மத்தியானம் சேர்ந்து சாப்பிடலாமா?' எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "அன்னைக்கு அம்புட்டு வேலை, பதிலே போடல. இப்பப் போட்டா போகுமா தம்பி?"

போனது. அவர் பெட்டி இன்னும் சர்வரில் இருந்தது; இறந்தவர் பெட்டியை உடனே நீக்க வேண்டும் என்ற விதியை இரண்டு வருடமாக மறந்திருந்ததுதான் இந்தத் தொழிலில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை.